காற்று கோடு போடும் தண்ணீர்: அப்பாவுடன் ஒரு ஏரிப் பயணம்

நாள் 1, வியாழன், ஸ்கெனெக்டடி

அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. நாங்கள் குடியிருக்கிற நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் இருக்கிற கோயில், மளிகைக்கடை, பேரனின் நீச்சல் வகுப்பு எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். போன மாதம் நயாகராவுக்குக் கூட்டிப்போனேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா போட்டு ஓட்ட முடியாதே" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கிற டக் படகில் முப்பது வருஷம் செராங்காக, அதாவது படகை நடத்துகிற தலைவராக, இருந்தவர். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அதனால் இந்த நீண்ட வார இறுதிக்கு வேறு மாதிரி ஒரு பயணம். எனக்கு ரொம்ப நாள் ஆசையும்கூட. படித்தது மெக்கானிக்கல், சோறு போடுவது வங்கி மென்பொருள். ஆனால் கல்லூரியில் எனக்கு உண்மையிலேயே பிடித்த ஒரே பாடம் பாய்ம இயக்கவியல்தான், திரவமும் வாயுவும் எப்படி ஓடுகின்றன என்கிற பாடம். காற்றும் அலையும் சேர்ந்து கடலின் மேல்தண்ணீரை எப்படிக் கலக்குகின்றன என்ற கதையில் பாதி, எங்கள் வீட்டிலிருந்து கார் எட்டுகிற தூரத்திலேயே நடந்திருக்கிறது. அதுவும் கடலில் இல்லை, ஏரிகளில்.

மூன்று மணி நேர ஓட்டம். ஊருக்குள் நுழைந்ததும் தொழிற்சாலைக் கூரை மேல் 'ஜெனரல் எலக்ட்ரிக்' என்ற பெரிய விளக்குப் பலகை. இர்விங் லாங்மியூர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடம் இந்த ஊரில்தான் இருந்தது. குண்டு பல்புக்குள் மந்த வாயுவை அடைத்தால் டங்ஸ்டன் இழை சீக்கிரம் தேயாது என்று கண்டுபிடித்தவர். 1932இல் வேதியியல் நோபல். அவர் குடியிருந்த ஸ்ட்ராட்ஃபோர்டு சாலை வீட்டைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள், ஆனால் இப்போதும் யாரோ வசிக்கிற தனியார் வீடு. தெருவில் காரை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

"பல்புக்காரருக்கும் கடலுக்கும் என்னல சம்பந்தம்?" என்றார் அப்பா.

1927 ஆகஸ்ட் 7. லாங்மியூர் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நியூயார்க்கிலிருந்து ஏறக்குறைய 600 மைல். கடலில் மிதந்த பாசி கண்டபடி சிதறிக் கிடக்காமல், 100 முதல் 200 மீட்டர் இடைவெளியில் நீள நீளமான கோடுகளாக நிற்கிறது. எல்லாக் கோடும் காற்றடிக்கும் திசையில். திடீரென்று காற்று செங்குத்தாகத் திரும்புகிறது. இருபது நிமிடத்துக்குள் பழைய கோடுகள் கலைந்து, புதிய திசையில் புதிய கோடுகள். பக்கத்தில் நின்ற பயணிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இவருக்கு மட்டும் அது உறுத்தியிருக்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நம்ம பக்கமும் நுரை அப்படித்தான் வரிசை கட்டி நிக்கும். வேற யாரும் பாக்கலைன்னா நினைச்சே?" என்றார்.

நாள் 2, வெள்ளி, லேக் ஜார்ஜ்

ஒன்றும் நடக்கவில்லை. சொட்டுக் காற்று இல்லை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது, மலையின் சிவப்பும் மஞ்சளும் தலைகீழாக அதில் தெரிந்தன. சுற்றுலாக்காரர்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எங்களைத் தவிர. விடுதியில் இட்லிப்பொடி தொட்டு பிரெட் சாப்பிட்டோம். அது மோசமில்லை என்பதைப் பதிவு செய்துவைக்கிறேன்.

நாள் 3, சனி, லேக் ஜார்ஜ்

காலை ஏழு மணிக்கு அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். "வடக்கேருந்து வருது. எந்திரி."

லேக் ஜார்ஜ் 51 கிலோமீட்டர் நீளம், ஆனால் ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் மலை. அதனால் காற்று ஏரியின் நீளவாக்கில்தான் ஓடும். போல்ட்டன் லேண்டிங் என்ற கரையூரில் 22 அடி தட்டைப் படகு ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். வாடகைக் கடைக்காரர் படகை எப்படி ஓட்டுவது என்று அப்பாவுக்குப் பத்து நிமிடம் விளக்கினார். அப்பா தலையாட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டதை வீடியோ எடுக்காமல் விட்டது என் தவறு.

கரையைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனதும் தெரிந்தது. அக்டோபர் இலைகள். மேப்பிள் இலைகள் தண்ணீரில் கோடு கோடாக நின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு முழ அகலம், நீளம் கண்ணுக்கு எட்டிய மட்டும். இடையில் இருந்த தண்ணீரில் ஓர் இலைகூட இல்லை, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி. அட்லாண்டிக்கில் பார்த்ததை லாங்மியூர் சோதித்தது இந்த ஏரியில்தான். இலைகளையும் சாயத்தையும் தண்ணீரில் விட்டு வருஷக்கணக்காகக் கவனித்து, 1938இல் சயின்ஸ் இதழில் எழுதினார்.

அப்பா படகைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எங்கள் படகு இரண்டரை முறை அடங்கும். படகு ஏறக்குறைய ஏழு மீட்டர், அப்படியானால் 17 மீட்டர் வருகிறது. லாங்மியூர் கணக்கில் இந்த ஏரியில் அக்டோபர், நவம்பரில் 15 முதல் 25 மீட்டர், மே, ஜூனில் 5 முதல் 10 மீட்டர்தான். காரணம், கோடையின் தொடக்கத்தில் வெதுவெதுப்பான மேல்தண்ணீர் ஒரு மெல்லிய மூடி மாதிரிதான் இருக்கும். இலையுதிர் காலத்துக்குள் அது தடித்துவிடும். மூடி எவ்வளவு தடிமனோ, சுழல்களும் அவ்வளவு பெருசு.

சுழல்கள் என்றேனே, அதுதான் விஷயம். மேலே தெரிகிற கோடு வெறும் அடையாளம். அதற்கு அடியில், காற்றின் திசையில் நீட்டிப் படுக்கவைத்த உருளைகள் மாதிரி தண்ணீர் சுழல்கிறது. பக்கத்துப் பக்கத்து உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். இரண்டு உருளைகளின் மேல்தண்ணீர் ஒன்றையொன்று நோக்கி வந்து சந்திக்கிற இடத்தில் தண்ணீர் கீழே இறங்குகிறது. இலை மிதக்கிற பொருள், இறங்க முடியாது, அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதுதான் கோடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே, அடியிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது.

"நீ சொல்றதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஐந்து ஆரஞ்சுகளை எடுத்தார். ஆரஞ்சு தோலோடு போட்டால் மிதக்கும், ஆனால் முக்கால்வாசி தண்ணீருக்குள்தான் இருக்கும். அதனால் காற்று அதை நேரடியாகத் தள்ளாது, தண்ணீர் போகிற பக்கம்தான் போகும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை, அவர் எனக்குச் சொன்னார்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே ஐந்தையும் குறுக்கு வரிசையாகப் போட்டோம். முதல் அரை நிமிடம் எல்லாம் சேர்ந்து தெற்கே நகர்ந்தன. பிறகு மெல்லப் பிரிந்தன. இரண்டு இடப்பக்கக் கோட்டை நோக்கி, இரண்டு வலப்பக்கக் கோட்டை நோக்கி. நடுவில் கிடந்தது மட்டும் கொஞ்ச நேரம் முடிவெடுக்காமல் தத்தளித்துவிட்டு இடப்பக்கம் போனது. மூன்று நிமிடத்துக்குள் நாலு ஆரஞ்சு இலைக்கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. இன்னொன்றையும் நான் எதிர்பார்க்கவில்லை: கோட்டுக்குள் நுழைந்த ஆரஞ்சு, வெளியே இருந்ததைவிட வேகமாகத் தெற்கே ஓடியது. கோடுகளில் மேல்தண்ணீர் காற்றின் திசையில் கூடுதல் வேகத்தில் போகும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆரஞ்சு ஓடிப் பார்த்தது இன்றைக்குத்தான்.

மீன்வலைக் கரண்டியால் அள்ளியதில் மூன்றுதான் கிடைத்தன. ஏரியில் குப்பை போட்டதற்கு மன்னிப்பு. அணில்களோ வாத்துகளோ கவனித்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

தண்ணீர் இறங்குகிற வேகம் லாங்மியூருக்கு நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நிமிடத்தில் ஒன்றரை மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள்.

நாள் 4, ஞாயிறு, இத்தாக்கா

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். 'காற்று கோடு போடுகிறது' என்கிற மாதிரித் தொனிக்கிறது. பாதிதான் சரி. வெறும் காற்று தண்ணீரை முன்னே இழுக்கும், அவ்வளவுதான். இப்படி உருளை உருளையாகச் சுற்ற வைப்பதற்கு அலையும் வேண்டும். அதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இரண்டு பேர்: அலெக்ஸ் க்ரெய்க், சிட்னி லெய்போவிச். 1976இல். லெய்போவிச் இருந்த இடம் இங்கே கார்னெல் பல்கலைக்கழகம். நாலு மணி நேரம் ஓட்டி வந்ததற்குக் காரணம் அதுதான், அருவிகள் இரண்டாம்பட்சம்.

அலை வரும்போது தண்ணீர் எங்கேயும் போவதில்லை, அதே இடத்தில் வட்டம் போடுகிறது என்று பள்ளியில் படித்தோம் இல்லையா? அது கிட்டத்தட்டத்தான் உண்மை. முகட்டின்போது முன்னே போகிற வேகம், பள்ளத்தின்போது பின்னே வருகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் வட்டம் மூடுவதில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு நகர்வு மிச்சம். 1847இல் ஸ்டோக்ஸ் என்ற கணித அறிஞர் சொன்னது, ஸ்டோக்ஸ் நகர்வு என்றே பெயர். அப்பாவிடம் சொன்னால், "மிதவை அந்தாக்குல ஆடிக்கிட்டே இருக்கும், சாயங்காலம் பாத்தா தள்ளிக் கிடக்கும். அதுக்கு ஒரு பேரா?" என்கிறார்.

இந்த நகர்வு மேலே அதிகம், ஆழம் போகப் போகச் சட்டென்று குறைந்துவிடும். இனிமேல்தான் விளையாட்டு. மேல்தண்ணீரில் ஏதோ ஓர் இடத்தில் ஓட்டம் கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று வையுங்கள். அந்த வேகப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் லேசாகச் சுழலும், இந்தப் பக்கம் ஒரு திசை, அந்தப் பக்கம் எதிர்த்திசை. நிமிர்ந்து நின்று சுற்றுகிற இரண்டு பம்பரங்கள் மாதிரி. அலையின் நகர்வு பம்பரத்தின் தலையைப் பிடித்து முன்னே தள்ளுகிறது, அடி பின்தங்குகிறது. பம்பரம் சாய்ந்து, காற்றின் திசையில் படுத்துக்கொண்டே சுற்றுகிறது. படுத்தவுடன் இரண்டும் சேர்ந்து மேல்தண்ணீரை நடுவே இழுத்து, கீழே அனுப்புகின்றன. நடுவே வந்து சேர்வது காற்று ஏற்கெனவே தள்ளி வேகம் ஏற்றிய தண்ணீர். அதனால் நடுப்பட்டை இன்னும் வேகமாகிறது, பம்பரங்களுக்கு இன்னும் முறுக்கு ஏறுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிற ஏற்பாடு.

இரண்டு பக்கம் நீளுகிற சமன்பாட்டை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கயூகா ஏரிக்கரை பெஞ்சில் காருக்குள் கிடந்த பேரனின் பம்பரத்தை வைத்துச் செய்துகாட்டினேன். இரண்டாவது முறை அது பெஞ்சுக்கு அடியில் உருண்டுவிட்டது.

அப்பாவை உண்மையில் அசத்தியது வேறு. இந்தப் பல்கலைக்கழகம் ஏரித்தண்ணீரை வைத்து ஏ.சி. ஓட்டுகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து. ஏரிக்குள் 76 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரி சொச்சத்தில் தண்ணீரை உறிஞ்சி, அந்தக் குளிர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் கீழே அதே குளிர். நான் நேற்றிலிருந்து 'மூடி' என்று சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். சூடான இலேசான தண்ணீர் மேலே, குளிர்ந்த கனமான தண்ணீர் கீழே. காற்றும் அலையும் என்னதான் சுழற்றினாலும், அந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கத்தான் முடியும், ஒரே நாளில் உடைத்துவிட முடியாது.

ராத்திரி விடுதியில் இன்னொரு கதை சொன்னேன். ஏரியில் அளந்தாயிற்று, கடலில்? கப்பலிலிருந்து அளக்கப்போனால் கப்பலே ஆடுகிறது. அதற்காக அமெரிக்காவில் ஃப்ளிப் என்று ஒரு மிதவைத் தளம் இருந்தது. 108 மீட்டர் நீளம். இழுத்துக்கொண்டு போகும்போது படகு மாதிரி படுத்திருக்கும். சேர்ந்ததும் பின்பக்கத்தில் தண்ணீரை நிரப்பி அப்படியே செங்குத்தாக நிமிர்த்திவிடுவார்கள். பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடுவதால் அலைக்கு அசையாது. அதிலிருந்து அளந்த வெல்லர் குழு 1985இல் எழுதியது: கடலில் தண்ணீர் இறங்கும் வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டரையும் தாண்டுகிறது. ஏரியைப்போல ஏழெட்டு மடங்கு.

அப்பாவுக்கு இருபது சென்டிமீட்டரில் அக்கறை இல்லை. "நிமிரும்போது சமையல்கட்டு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார். தூங்கும் வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நாள் 5, திங்கள், சோடஸ் பாயின்ட், அப்புறம் வீடு

திட்டப்படி இன்று ஒன்டாரியோ ஏரியின் மேற்குக் கோடிக்குப் போயிருக்க வேண்டும். அது கனடா. அப்பாவுக்குக் கனடா விசா இல்லை என்பது எனக்கு நேற்று இரவுதான் உறைத்தது. சரி, தண்ணீர் ஒன்றுதானே என்று இந்தப் பக்கக் கரையில் சோடஸ் பாயின்டுக்கு வந்தோம்.

வடமேற்குக் காற்று முழு வேகத்தில். 311 கிலோமீட்டர் நீளமான ஏரி, காற்று ஓடிவர இடத்துக்குப் பஞ்சமில்லை. அலைகள் தலை உடைந்து வெள்ளையாக வந்து தடுப்புச்சுவரில் மோதின. "இது ஏரியால? உப்பு போடல, அவ்வளவுதான்" என்றார் அப்பா. காதைத் துண்டால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று, ஒவ்வோர் அலையும் உடைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முகடு சரிந்து விழுந்ததும் ஒரு வெள்ளைத் திட்டு. அலை போய்விடுகிறது, திட்டு நிற்கிறது. அதற்குள் குமிழிகள் பொரிந்துகொண்டே இருக்கின்றன, பச்சையாகக் கலங்கி, மெல்ல மெல்ல அடங்குகிறது. அடங்குவதற்குள் அடுத்தது.

இந்தத் திட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில் பல காலம் ஒரு சௌகரியமான நம்பிக்கை இருந்தது. காற்று தரையை உரசிப் போகும்போது, தரையிலிருந்து விலக விலகக் கொந்தளிப்பு எப்படிக் குறையும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதைத் தலைகீழாகப் போட்டால் நீர்ப்பரப்புக்கும் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். இதே ஏரியின் மேற்குக் கோடியில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, 12 மீட்டர் ஆழத் தண்ணீரில் நின்ற ஒரு கோபுரத்திலிருந்து அளந்து பார்த்தபோது அது பொய்த்தது. அகர்வாலும் கூட்டாளிகளும் 1992இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: அலைகளுக்குச் சற்றுக் கீழே கொந்தளிப்பு செலவழிக்கிற ஆற்றல், அந்தப் பழைய கணக்கு சொல்வதைவிடப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு. தண்ணீரின் மேற்பரப்பு தரை இல்லை. தரை உடைந்து விழாது.

ஆக, இரண்டு வேலைக்காரர்கள். உடைகிற அலை, மேலே அலையின் உயரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் வரைதான் அடித்துக் கலக்கும். சுழல் உருளைகள் அந்தக் கலக்கலைக் கையில் வாங்கிக் கீழே கொண்டுபோகும். நான் உருளை என்று அழகாகச் சொன்னாலும், கடலில் அவை அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. கோடுகள் ஒன்றோடொன்று சேரும், அறுந்துபோகும், புதிதாகப் பிறக்கும். 1997இல் மெக்வில்லியம்ஸ், சலிவன், மோங் மூவரும் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, இது ஒரு தனி வகைக் கொந்தளிப்பு என்றே சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காப்பி. அப்பா கேட்டார்: "இதையெல்லாம் தெரிஞ்சு என்ன செய்வாங்க?" நியாயமான கேள்வி. பூமியில் கூடுதலாகச் சேர்கிற வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குத்தான் போகிறது. அது மேல்தண்ணீரின் வழியாகத்தான் உள்ளே இறங்கியாக வேண்டும். காற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்ட பருவநிலை மாதிரிகளில், அலை ஓயாத தென் பெருங்கடலில் மேல்தண்ணீர் நிஜத்தைவிட ஆழம் குறைவாகவே கலந்தது. லாங்மியூர் சுழற்சியை, அதாவது இந்தச் சுழல் உருளைகளை, கணக்கில் சேர்த்தபோது அந்தக் குறை ஓரளவு சரியானது. அப்பா "ம்" என்றார். அவர் 'ம்' என்றால் ஏற்றுக்கொண்டார் என்றும் அர்த்தம், காப்பி ஆறிவிட்டது என்றும் அர்த்தம்.

நாள் 6, அடுத்த சனி, டக்கர்ட்டன் கடற்கரைப் பக்கம்

நேற்றுவரை வீட்டில் சும்மா இருந்தோம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வடகிழக்குக் காற்று மழையோடு அடித்தது. இன்று விட்டது. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே ஒன்றேகால் மணி நேரம்தான் டக்கர்ட்டன். உப்புச் சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு நேர்ச்சாலை, நிறைய மரப்பாலங்கள், கடைசியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் நிலையம்.

வெளியே திறந்த கடலில், 15 மீட்டர் ஆழத்தில், தரையில் ஒரு கருவியைப் படுக்கவைத்து மேல்நோக்கி ஒலி அனுப்பி, தண்ணீரின் அசைவை மாதக்கணக்கில் கேட்டார்கள். புயல் நாட்களில் உருளைகள் நடுவில் நிற்கவில்லை. மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை ஒரே உருளை. மேலிருந்து காற்றுக் குமிழிகளைக் கீழே இழுக்கிறது, அடியிலிருந்து மணலைக் கிளப்பி மேலே தூக்குகிறது. ஆன் கார்கெட்டும் கூட்டாளிகளும் 2004இல் இதற்கு லாங்மியூர் பெருஞ்சுழல் என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். நான் இந்த மாநிலத்தில் பதினோரு வருஷம் இருக்கிறேன், கோடைக்கு நாலு முறையாவது இந்தக் கடலில் கால் நனைத்திருக்கிறேன்.

நிலையத்துப் பக்கம் திறந்த கடல் தெரியாது. அதனால் லாங் பீச் தீவுக்குப் போய் மணலில் உட்கார்ந்தோம். தண்ணீர் இன்னும் தெளியவில்லை, பால் கலக்காத டீ நிறம். இதைப் பார்த்ததும் நான் ஆரம்பித்தேன், இது கரையலை கிளப்பிய மணலாகவும் இருக்கலாம், ஆனால் உள்ளே தள்ளி...

"புயல் அடிச்ச மறுநாள் நம்ம ஊர்லயும் தண்ணி கலங்கித்தான் கிடக்கும்" என்றார் அப்பா. "வலை போட்டா அடிமண்ணோட வரும். மேல அடிக்கிற காத்துக்கு அடிமண்ணு எப்படி வருதுன்னு நானும் கேட்டிருக்கேன். பெரியாளுக 'கடல் புரளுது'ன்னு சொல்வாங்க. அதுக்கு மேல யாரும் சொன்னதில்ல."

கொஞ்ச நேரம் எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்து வெளியே பார்த்தார். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் நுரை மெல்லிய கோடுகளாக நின்றது. எனக்கு முதலில் தெரியவில்லை, அவர் விரலைத் தொடர்ந்த பிறகுதான் தெரிந்தது. "காத்து தெக்கே சாஞ்சிட்டு" என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். செயலி இன்னும் வடகிழக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திருத்திக்கொண்டது.

லேக் ஜார்ஜில் மீட்ட மூன்று ஆரஞ்சில் ஒன்று இன்னும் அவர் பையில் இருந்தது. போடலாமா என்று பார்த்தேன். உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். புளிப்பு.